ஒரு ராத்திரி எமர்ஜென்சிக்கு நாலு பில்: எதைக் கட்டுவது, எதை நிறுத்தி வைப்பது?

கார்காலம் (கேள்வி)

அமெரிக்காவில் இருக்கேன். ஆஃபீஸ் மூலமா எடுத்த பிபிஓ இன்ஷூரன்ஸ் (நெட்வொர்க்குக்கு வெளியேயும் போகலாம், செலவு கூடும்). டிடக்டிபிள் (இன்ஷூரன்ஸ் தரத் தொடங்கும் முன்னாடி நானே கட்ட வேண்டியது) 1,500 டாலர், அதுல 400 ஏற்கெனவே கழிஞ்சிருக்கு. அதுக்கு மேல கோஇன்ஷூரன்ஸ், அதாவது என் பங்கு, 20%. நெஞ்சு வலின்னு 911 கூப்பிட்டு எமர்ஜென்சிக்குப் போனது. இசிஜி, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துட்டு நெஞ்செரிச்சல்தான்னு காலையில அனுப்பிட்டாங்க. இப்போ நாலு பில்: ஆஸ்பத்திரி 6,800 டாலர், எமர்ஜென்சி டாக்டர் குழு, ரேடியாலஜிஸ்ட், ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரி மட்டும்தான் இன்-நெட்வொர்க் (இன்ஷூரன்ஸோட ஒப்பந்தம் உள்ளது). உடனே கட்டினா 10% தள்ளுபடின்னு ஆஸ்பத்திரி பில்லில் போட்டிருக்கு. கட்டிடலாமா? ஒரு ராத்திரிக்கு ஏன் நாலு பில்?

கணக்குப்பிள்ளை

தள்ளுபடிக்காக அவசரப்படாதீங்க. இன்ஷூரன்ஸிலிருந்து ஈஓபி (யார் எவ்வளவு கட்டணும்னு சொல்லும் விளக்கத்தாள்) வரும் வரை எந்த பில்லுக்கும் ஒரு டாலர்கூடக் கட்ட வேண்டாம்.

ஆஸ்பத்திரி அனுப்புவது கட்டடம், நர்ஸ், கருவி, மருந்துக்கான பில். டாக்டர்கள் பெரும்பாலும் தனி கம்பெனி, அவங்க தனியா அனுப்புவாங்க. அதனால் ஒரே இசிஜி இரண்டு பில்லில் வரும். ஆஸ்பத்திரி பில்லில் 93005-ன்னு கோடு, அது எடுத்ததுக்கு. டாக்டர் பில்லில் 93010, அதைப் படிச்சு எழுதினதுக்கு. இது தப்பில்லை. ஆனா 93000-மும் 93010-மும் சேர்ந்து வந்தால் படிச்சதுக்கு இரண்டு தடவை வாங்குறாங்கன்னு அர்த்தம், ஏன்னா 93000-க்குள்ளேயே இரண்டும் அடக்கம். இதெல்லாம் தெரியணும்னா ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, கோடு எண்களோட ஐட்டமைஸ்டு பில் (ஒவ்வொரு சேவைக்கும் தனி வரி) கேளுங்க. அதில் எமர்ஜென்சி லெவலையும் பாருங்க: 99281 முதல் 99285 வரை, கடைசி எண்தான் விலை அதிகம்.

6,800 என்பது ஆஸ்பத்திரி கேட்கும் விலை. இன்-நெட்வொர்க்கில் இன்ஷூரன்ஸோட ஒப்புக்கொண்ட விலை வேறே. உதாரணத்துக்கு அது 2,900-ன்னு வைங்க. உங்க டிடக்டிபிளில் மிச்சம் 1,100. அது போக 1,800. அதில் 20% என்றால் 360. ஆக நீங்க கட்ட வேண்டியது 1,460. 6,800-க்கும் 2,900-க்கும் உள்ள வித்தியாசம் 3,900-ஐ ஆஸ்பத்திரி தள்ளுபடி செய்தே ஆகணும், அது ஒப்பந்தம். 6,800-இல் 10% குறைச்சுக் கட்டியிருந்தா 6,120 போயிருக்கும்.

பில்லில் இன்ஷூரன்ஸ் கழிவு என்ற வரி பூஜ்யமா இருந்தா, கிளெய்ம் முடியும் முன்னாடியே பில் அடிச்சிட்டாங்க, இல்லேன்னா மெம்பர் எண்ணைத் தப்பா ஏத்தியிருக்காங்க. ஈஓபியில் தேதி, கிளெய்ம் எண், ‘நோயாளி பொறுப்பு’ தொகை மூணும் பில்லோட பொருந்தணும். இன்னொன்று: டிடக்டிபிள் கழிவது சிகிச்சை நடந்த வரிசைப்படி இல்லை, கிளெய்ம் முடிஞ்ச வரிசைப்படி. டாக்டர் குழுவின் கிளெய்ம் முதல்ல முடிஞ்சா அந்த 1,100-இல் ஒரு பகுதி அங்கே போயிடும், அந்த அளவு ஆஸ்பத்திரி பங்கு குறையும்.

நீர்நிலை

அவுட்-ஆஃப்-நெட்வொர்க் பில்களைப் பற்றி. 2022 ஜனவரி 1 முதல் நோ சர்ப்ரைசஸ் சட்டம் அமலில் இருக்கிறது. எமர்ஜென்சி சிகிச்சைக்கு, டாக்டர் நெட்வொர்க்கில் இல்லாவிட்டாலும் இன்-நெட்வொர்க் பங்கை மட்டுமே உங்களிடம் வாங்கலாம். அந்தத் தொகை உங்கள் இன்-நெட்வொர்க் டிடக்டிபிளிலும், வருடத்தில் நீங்கள் கட்டும் தொகைக்கான உச்சவரம்பிலும் சேர வேண்டும். மிச்ச விலையை அவர்களும் இன்ஷூரன்ஸும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், உங்களை நடுவில் இழுக்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் டாக்டர் குழு, ரேடியாலஜிஸ்ட் இரண்டும் இதில் அடங்கும். எமர்ஜென்சி சிகிச்சைக்கு இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக உங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது. ஈஓபியைவிட ஒரு டாலர் கூடுதலாகக் கேட்டாலும் மத்திய அரசின் நோ சர்ப்ரைசஸ் உதவி மையத்தில் புகார் கொடுங்கள்.

ஆம்புலன்ஸில்தான் வருத்தமான ஓட்டை. விமான ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்தில் இருக்கிறது, சாலையில் ஓடுவது இல்லை. 911 கூப்பிட்டவருக்கு எந்த வண்டி வரும் என்று தேர்ந்தெடுக்க வழியே கிடையாது. அவர் தலையில் முழு பில்லையும் கட்டுவது அநியாயம். சில மாநிலங்கள் தாமே சட்டம் போட்டிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரியிலிருந்து பாதுகாப்பு உண்டு. ஆனால் கம்பெனி தானே பணம் போட்டு நடத்தும் ‘செல்ஃப்-ஃபண்டெட்’ பிளானை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. உங்களுடையது எது என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள். எந்தச் சட்டமும் உதவாவிட்டாலும், வேறு வழியில்லாத எமர்ஜென்சி என்று சொல்லி இன்-நெட்வொர்க் விகிதத்தில் மறுபரிசீலனை செய்யும்படி இன்ஷூரன்ஸிடம் கேட்கலாம். அதன்பின் ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் பேரம் பேசுங்கள்.

தென்றல்77

மாசம் 5 டாலர் அனுப்பிக்கிட்டே இருந்தா பில்லைக் கலெக்‌ஷனுக்கு (கடன் வசூல் ஏஜென்சிக்கு) அனுப்ப முடியாது. அதைச் செய்யுங்க போதும்.

கணக்குப்பிள்ளை

அப்படி ஒரு சட்டமே இல்லை. அவங்க எழுத்தில் ஒப்புக்கொண்ட தவணைத் திட்டம்தான் பாதுகாப்பு, நீங்களா அனுப்பும் 5 டாலர் இல்லை.

ஆஸ்பத்திரி லாபநோக்கற்றதா இருந்தா நிதி உதவித் திட்டம் வைத்தே ஆகணும், அது வரிச் சலுகைக்கான நிபந்தனை. முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். முதல் 120 நாளுக்குக் கடனை விற்கவோ, வழக்குப் போடவோ, கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏத்தவோ கூடாது. (கலெக்‌ஷன் ஏஜென்சியை விட்டு ஃபோன் பண்ண வைக்கலாம், அதை இந்த விதி தடுக்கலை.) இன்ஷூரன்ஸ் இருக்கிறவங்களுக்கும் பல இடங்களில் உதவி கிடைக்கும். வருமான வரம்பு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். 2025-இல் நால்வர் குடும்பத்துக்கு மத்திய வறுமைக்கோடு 32,150 டாலர், வரம்பு 300% என்றால் 96,450. சம்பளம் அதிகம்னு நீங்களே முடிவு பண்ணி விட்டுடாதீங்க. தகுதி இருந்தா, ஏற்கெனவே கூடுதலா கட்டினதையும் திருப்பித் தரணும். டாக்டர் குழு இந்தத் திட்டத்தில் சேர்த்தியான்னு தனியா பாருங்க. அந்தப் பட்டியலைத் திட்ட ஆவணத்தோடவே வெளியிடணும்.

கார்காலம்

ரொம்ப நன்றி. இன்னிக்குத்தான் ஆஸ்பத்திரி கிளெய்முக்கு ஈஓபி வந்தது. ‘எமர்ஜென்சி அல்ல’ன்னு நிராகரிச்சிருக்காங்க!

நீர்நிலை

அப்பீல் போடுங்கள், இது வெல்லக்கூடிய வழக்கு. மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர் ஒருவர் அந்த அறிகுறியைப் பார்த்து, உடனே சிகிச்சை இல்லாவிட்டால் உடல்நலத்துக்குக் கடும் ஆபத்து என்று நியாயமாக நினைப்பாரா என்பதுதான் சட்டத்தின் அளவுகோல். கடைசியில் என்ன நோய் என்று தெரிந்தது என்பதை வைத்து மறுக்கக் கூடாது.

நிராகரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் கோடுதான். கிளெய்மில் K21.9, அதாவது நெஞ்செரிச்சல் தரும் அமில எதிர்க்களிப்பு நோய் மட்டும் போயிருக்கும். ஆஸ்பத்திரி கிளெய்ம் படிவத்தில் வந்த காரணத்தை எழுதவே தனிக் கட்டம் உண்டு, அதில் R07.9, அதாவது நெஞ்சு வலி, இருக்கிறதா என்று பில்லிங் பிரிவில் கேளுங்கள். இல்லையென்றால் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அப்பீலே தேவைப்படாமல் போகலாம்.

அப்பீலுக்கு நிராகரிப்பு அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 180 நாள். கூடவே நர்ஸ் எழுதிய டிரியாஜ் குறிப்பை (வந்தவுடன் செய்யும் முதல் பரிசோதனைக் குறிப்பு) வையுங்கள்: வந்த நேரம், சொன்ன வலி, ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு எல்லாம் அதில் இருக்கும், நோயாளி போர்ட்டலில் கிடைக்கும். முடிந்துபோன சிகிச்சை என்பதால் 60 நாளில் பதில் தர வேண்டும். அங்கும் மறுத்தால் 4 மாதத்துக்குள் வெளி ஆய்வு கேளுங்கள். இன்ஷூரன்ஸுக்குச் சம்பந்தமில்லாத மருத்துவர்கள் பார்ப்பார்கள், அவர்கள் முடிவு இன்ஷூரன்ஸைக் கட்டுப்படுத்தும்.

கணக்குப்பிள்ளை

கூடவே ஒண்ணு. ‘வேறே இன்ஷூரன்ஸ் இருக்கா’, ‘இது விபத்தா’ன்னு கேட்டு இன்ஷூரன்ஸிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கான்னு தபாலைத் தேடிப் பாருங்க. அதுக்குப் பதில் போகலைன்னா மத்த கிளெய்ம்களும் நிற்கும். ஃபோனிலேயே பதில் சொல்லலாம். பேசினவர் பெயர், தேதி, அழைப்பு எண் குறிச்சு வைங்க. ஆஸ்பத்திரிக்கும் ஃபோன் போட்டு, அப்பீல் முடியும் வரை கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. அதை எழுத்தில் வாங்கிடுங்க.