நான்கு ரேம் ஸ்டிக்குகளும் 6000 வேகத்துக்கு வரவில்லை: பொருளில் குறையா?

ஈசூன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் காணொளித் தயாரிப்பு படிக்கும் என் மகனுக்காக ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 7700 சிப்பை (செயலியை) வைத்து ஒரு கணினியைச் சேர்த்துக் கொடுத்தேன். முதலில் 16 ஜிபி டிடிஆர்5 ரக ரேம் ஸ்டிக்குகள் இரண்டும், சென்ற மாதம் அதே மாடலில் இன்னும் இரண்டும் வாங்கினேன். பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் டாஸ்க் மேனேஜர் 3600 என்றும், சிபியு-இசட் என்ற சோதனை மென்பொருள் 1800 என்றும் காட்டுகின்றன. கணினியைத் தொடக்கும் மென்பொருளான பயாஸில், பெட்டியில் உள்ள வேகத்துக்கு ரேமைக் கொண்டுவரும் எக்ஸ்போ அமைப்பை இயக்கிப் பார்த்தபோது திரை கறுப்பாகவே இருந்தது. ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டு மின்சாரத்தை நிறுத்திவிட்டேன். "ஒரே மாடல்தானே, சேர்த்துப் போடலாம்" என்று கடையில் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன். ஸ்டிக்குகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

தெம்பனிஸ் வாசகர்:
ஐயா, உங்கள் ஸ்டிக்குகளில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டிடிஆர் மெமரி ஒரு கடிகாரச் சுற்றுக்கு இருமுறை தரவை அனுப்புவதால், சிபியு-இசட் காட்டும் 1800 மெகாஹெர்ட்ஸும் டாஸ்க் மேனேஜர் காட்டும் 3600-ம் ஒன்றேதான். அந்த 3600 எங்கிருந்து வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்: ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அறிவித்துள்ள வேகம் இரண்டு ஸ்டிக்குகளுக்கு 5200, நான்கு ஸ்டிக்குகளுக்கு 3600. அதாவது, உங்கள் கணினி, சிப் தயாரிப்பாளர் உறுதியளித்த அளவில் சரியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

பெட்டியில் உள்ள 6000 என்பது, அந்த ஸ்டிக்குகளைத் தயாரித்தவர் கூடுதல் மின்னழுத்தத்தில் சோதித்துப் பார்த்து, எக்ஸ்போ என்ற பெயரில் அவற்றின் சில்லில் எழுதி வைத்திருக்கும் அளவு. டிடிஆர்5-இன் இயல்பான மின்னழுத்தம் 1.1 வோல்ட், இத்தகைய ஸ்டிக்குகள் பெரும்பாலும் 1.35 வோல்ட் வரை கேட்கும். உங்கள் சிப்பில் உள்ள மெமரி கட்டுப்பாட்டகமும் மதர்போர்டும் அதற்கு ஈடுகொடுக்குமா என்பதற்கு ஸ்டிக் தயாரிப்பாளர் பொறுப்பேற்க முடியாது.

கறுப்புத் திரையைக் கண்டு அஞ்ச வேண்டாம். வேகத்தை மாற்றியபின் முதல்முறை இயங்கும்போது, ஒவ்வொரு ஸ்டிக்கோடும் எந்தத் தாமதத்தில் பேசலாம் என்று கட்டுப்பாட்டகம் சோதித்துப் பார்க்கும். மெமரி டிரெய்னிங் எனப்படும் இந்த வேலை நான்கு ஸ்டிக்குகள் இருந்தால் பத்து நிமிடத்தையும் தாண்டலாம். அடுத்த முறை கால் மணி நேரமாவது பொறுத்திருங்கள்.

புக்கிட் பாத்தோக் மாமா:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் பொறுமை மட்டும் நான்கு ஸ்டிக்குகளை 6000-க்குக் கொண்டுவந்துவிடாது; அந்த நம்பிக்கையை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒரு சேனலின் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதையின்) இரு ஸ்லாட்டுகளும் ஒரே தடத்தில் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், இரண்டையும் நிரப்பும்போது சமிக்ஞைக்குச் சுமை கூடி, எதிரொலிப்பும் மிகுந்துவிடுகிறது. மாடல் ஒன்றாக இருப்பதாலும் எதுவும் உறுதியாகிவிடாது. தனித்தனியாக வாங்கிய இரண்டு பெட்டிகள் ஒன்றோடொன்று சேர்த்துச் சோதிக்கப்படுவதில்லை. ஒரே பெயரில் வேறு நிறுவனத்தின் சில்லுகள் உள்ளே இருப்பதும் உண்டு.

முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். சிப்பிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லாட்டுகளில், அதாவது ஏ2, பி2-வில், ஒரே பெட்டியில் வந்த இரண்டை மட்டும் செருகி எக்ஸ்போவை இயக்குங்கள். அது 6000-இல் நின்றால், மற்ற இரண்டையும் அதேபோலத் தனியே சோதியுங்கள். பிறகு நான்கையும் செருகி, 4800-இல் தொடங்கிக் கையால் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். சிப்பில் மெமரி கட்டுப்பாட்டகம் உள்ள பகுதிக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டவே கூடாது. 2023-இல் சில சிப்புகள் கருகிய பிறகு ஏஎம்டியே வகுத்த எல்லை அது. ஒவ்வொரு படியிலும், மெமரிப் பிழைகளைத் தேடும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டுங்கள். குளிரூட்டி இல்லாத வீவக அடுக்குமாடி வீட்டு அறையில்தான் மகன் வேலை செய்கிறார் என்றால், அந்த அறையிலேயே பிற்பகலில் சோதியுங்கள். சூடேறிய பிறகுதான் சில பிழைகள் தலைகாட்டும்.

64 ஜிபி கட்டாயம் தேவையென்றால், ஒரே பெட்டியில் வரும் 32 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டுதான் நல்ல வழி. கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயருக்குப் போகும் முன், உங்கள் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் உள்ள மெமரிப் பட்டியலில் அந்த மாடல் எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈசூன்வாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதல் இரண்டும் ஏ2, பி2-வில் 6000-இல் ஓடின. அடுத்த இரண்டும் அப்படியே ஓடின. நான்கையும் செருகி 5200 வைத்தபோது கணினி இயங்கியது, ஆனால் மெம்டெஸ்ட் இரண்டாம் சுற்றில் பிழை காட்டியது. 4800-இல் நான்கு சுற்றுகளும் பிழையின்றி முடிந்தன. மகனின் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இப்போது 64 ஜிபி தேவைப்படுவதால், அதை ஒப்படைக்கும்வரை நான்கும் 4800-இலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அதன் பிறகு 32 ஜிபி இரண்டு வாங்கி, இந்த நான்கில் ஒரு சோடியை என் பழைய 8 ஜிபி டிடிஆர்5 கணினிக்கு மாற்றிக்கொள்வேன்.