அந்தியூர் சந்தை: துண்டுக்குள் மாட்டிக்கொண்ட கை

பவானிக்கரை:
ஆடியில் அந்தியூர் குருநாதசாமி பண்டிகையில் கூடும் மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பர்கூர் மலை மாட்டுக் கன்று ஒன்று பிடிக்கலாம் என்று போனேன். செம்மறை, அதாவது சிவப்பில் வெள்ளைத் திட்டு, நல்ல துடியான கன்று. தரகர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே, விலையை மற்றவர்களுக்குத் தெரியாமல் விரலால் சொல்ல என் கையைத் துண்டுக்குள் இழுத்து மூன்று விரலை அழுத்தினார். மூன்று குறைக்கிறாரா, ஏற்றுகிறாரா? புரியாமலே "சரி" என்றேன். சுற்றி நின்றவர்கள் துண்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்று இப்போது கட்டுத்தரையில் நிற்கிறது. என்ன விலை என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நாலுபல்:
எனக்கும் இப்படி ஒருமுறை ஆகியிருக்கிறது, அதை விடுங்கள். ஒரு விரல் என்றால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. ஆயிரக் கணக்கா, பத்தாயிரக் கணக்கா என்பதைத் துண்டு போடும் முன்பே வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கையை உருவிக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்புறம், வாயைத் திறந்து கீழ்த்தாடையைப் பார்த்தீர்களா? மேலே முன்பல்லே இருக்காது, அங்கே தேடாதீர்கள். இரண்டு பல் போட்டிருந்தால் இரண்டு வயது தாண்டியது. எட்டும் சேர்ந்துவிட்டால் அதற்குமேல் வயது தரகர் சொல்வதுதான். உடம்பில் மயிர்ச் சுழி பார்த்தீர்களா? நடக்கவிட்டுப் பார்த்தீர்களா? பர்கூர் மாடு காட்டுப் பட்டியில் வளர்ந்தது, புது ஆள் கிட்டே போனால் முட்டத்தான் வரும். ஒரு மாதம் நீங்களே தீவனம் வையுங்கள்.

குதிரைக்கிறுக்கு:
அவர் கேட்டது அனுபவம், நாலுபல் அண்ணா பாடமே எடுத்துவிட்டார். திப்பு சுல்தான் படைக்குக் குதிரை வாங்கிய சந்தை என்று ஊரில் சொல்வார்கள், அடுத்து அது உண்மையா என்ற சண்டையும் இங்கே வரும். என்னைக் கேட்டால் சந்தையைக் கட்டிக் காப்பது கோயில்தான். புதுப்பாளையத்திலிருந்து வனக்கோயிலுக்குச் சாமி புறப்படும் புதன்கிழமையை வைத்துத்தான் மாட்டுக்காரர், குதிரைக்காரர், சாட்டை விற்பவர் எல்லோரும் லாரி ஏறுகிறார்கள். என் கதை சின்னது. ராத்திரி ஒரு மார்வாரிக் குதிரை, இரண்டு காது நுனியும் ஒன்றையொன்று தொட்டபடி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நின்றது. விலை கேட்கக்கூட வாய் வரவில்லை.

சும்மா வந்தவள்:
அந்தியூர் மட்டும்தான் சந்தையா? சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேருக்கு வந்து பாருங்கள், காங்கேயம் மாடு அங்கேதான். எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, மயிலைப் பசு (சாம்பல் கலந்த வெள்ளை) ஒன்றை அங்கே விற்றார். பணத்தை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. பழைய கயிற்றை அவிழ்த்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார், மாட்டோடு கயிறு தரும் பழக்கம் இல்லை. வாங்கியவர் புதுக்கயிறு மாட்டுவதற்குள் பசு அப்புச்சி பின்னாலேயே நாலு அடி வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பை மட்டும் கையில் ஆடிக்கொண்டே போனது.