பொருள்: பிள்ளை கையில் கொடுக்கும் கார்ச்சாவிக்கு ஒரு சொல் வேண்டும்

வி. (ஸ்கார்பரோ):
வணக்கம். திங்கட்கிழமை ஒரு துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போகிறது, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒண்டாரியோவில் 16 வயதில் ஜி1 என்ற பழகுநர் உரிமம் எடுத்து, அப்புறம் அடுத்த படியான ஜி2 உரிமம் கிடைத்ததும் தனியாக ஓட்டத் தொடங்கும் பிள்ளைகளின் அம்மா அப்பாவுக்காக எழுதுவது. ஃபோர்டு 2008இல் அறிவித்த மைகீ தெரியுமல்லவா, ஒரு சாவியைப் பிள்ளைக்கென்று காரில் பதிந்துவிட்டால், அந்தச் சாவியோடு ஓட்டும்போது மணிக்கு 80 மைலுக்கு மேல் போகாதபடி வைக்கலாம், ரேடியோ சத்தத்துக்கும் எல்லை வைக்கலாம், பெல்ட் போடும்வரை பாட்டே வராது. செவ்ரொலே 2016 மலிபு காரில் கொண்டுவந்தது அதையும் தாண்டி, எவ்வளவு தூரம் ஓட்டினான், உச்ச வேகம் என்ன, எத்தனை தடவை எச்சரிக்கை வந்தது என்று ரிப்போர்ட் கார்டே கொடுக்கும். இப்படிப் பதிந்த சாவிக்கு என்ன பெயர்? 'கட்டுப்படுத்தப்பட்ட சாவி' என்று எழுதினேன், சாவியைப் போலீஸ் பிடித்து வைத்த மாதிரி இருக்கிறது. ரிப்போர்ட் கார்டுக்கும் சொல் தேவை.

செ. (கோவை):
முதலில் சாவியை விடுங்கள், அது போர்த்துக்கீசியர் தந்தது. திறவுகோல் இருக்கும்போது இரவல் எதற்கு? 'வரம்புத் திறவுகோல்' என்று போடுங்கள், முடிந்தது.

க. (மிசிசாகா):
கோலா? இப்போது கையில் இருப்பது பொத்தான் வைத்த பிளாஸ்டிக் கட்டி, அதைப் போய்க் கோல் என்றால் பெடியன் சிரிப்பான். நாங்கள் யாழ்ப்பாணத்தில் திறப்பு என்போம். போர்த்துக்கீசியர் 1619இலிருந்து எங்களை ஆண்டார்கள், அப்படியும் சாவி எங்களிடம் ஒட்டவில்லை, கவனியுங்கள்.

செ.:
ஆமாம், கதிரையும் அலுமாரியும் மட்டும் ஒட்டிக்கொண்டன. 'வரம்புத் திறப்பு' என்றால் இங்கே வயல் வரப்பில் ரிப்பன் வெட்டும் விழா என்று நினைப்பார்கள்.

ந. (மதுரை):
37 ஆண்டு தமிழ் நடத்தியவன் என்ற உரிமையில் கேட்கிறேன், 'உரனென்னும் தோட்டியான்' என்ற குறளை எப்படி மறந்தீர்கள்? யானையை அடக்குவது தோட்டி. தோட்டிச் சாவி.

வி.:
ஐயா, அந்தச் சொல் இன்று ஊரில் யாரைக் குறிக்கிறது, எந்தத் தொனியில் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. நான் அச்சில் போட மாட்டேன்.

ந.:
சரி, விடுகிறேன். பிள்ளைத்தமிழைப் பாருங்கள். முதல் பருவம் காப்பு, ஆண்பாலில் கடைசிப் பருவம் சிறுதேர். பிள்ளை தேர் உருட்டும்போது காப்பும் கூடவே போனால் அதுதானே இந்தக் கருவி? 'காப்புத் திறவுகோல்'. கா என்னும் அடியிலிருந்துதான் காவல், காப்பு எல்லாம், காவடியைப் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.

த. (நியூ ஜெர்சி):
பெண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேர் கிடையாது ஐயா, ஊசலோடு நிறுத்திவிடுவார்கள். என் மகள் ஓட்டுவது காரை, ஊஞ்சலை இல்லை. அதைவிட, காப்பு என்று பெயர் வைத்தால் அப்பா அம்மா நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள், சாவி பார்த்துக்கொள்ளும் என்று.

க.:
சரியாகச் சொன்னீர்கள் அக்கா. 20 வயது ஆகாத பிள்ளை ஜி2 எடுத்த முதல் 6 மாதம், நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை 19 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் ஒருவரைத்தான் ஏற்றலாம், வீட்டு ஆட்கள் தவிர. பின்சீட்டில் கூட்டாளிகள் நாலு பேர் ஏறினால் இந்தத் திறப்பு ஒன்றும் சொல்லாது. எங்கள் வீட்டில் இரண்டு திறப்பும் ஒரே அச்சு, மகனுடையதில் மனைவி சிவப்பு நூல் கட்டி வைத்தா. ஒருநாள் காலை நூல் இல்லாததை எடுத்துக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஏறினேன், பாட்டுச் சத்தம் கூடவே மாட்டேன் என்கிறது. அப்போதுதான் விளங்கியது, நூலை அவன் மாற்றிக் கட்டியிருக்கிறான். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் 'பிள்ளைத் திறப்பு' என்று பெயர்.

செ.:
17 வயதுக்காரனைப் பிள்ளை என்றால் அதைத் தொடுவானா?

த.:
தொடாவிட்டால் பஸ்ஸில் போகட்டும்.

வி. (ஞாயிறு இரவு):
நான், அக்கா, மிசிசாகா அண்ணா மூன்று பேரும் பிள்ளைத் திறப்பு, கோவை திறவுகோல், ஐயா இன்னும் காப்பு. பிள்ளைத் திறப்பு என்றே போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் சாவி சேர்த்து அனுப்பிவிட்டேன். ரிப்போர்ட் கார்டுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அது ரிப்போர்ட் கார்டாகவே போகிறது.

செ.:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடைப்புக்குறிக்குள்கூடச் சாவி வேண்டாம்.

ந.:
காவடி மடல் நாளை வரும்.