டீசல் பைப் மாத்தியாச்சு, டிராக்டர் ஸ்டார்ட் ஆகலை

கேள்வி:
டேங்குக்கும், அதுல இருந்து டீசலை இழுக்குற ஃபீட் பம்புக்கும் நடுவுல இருக்குற ரப்பர் பைப் வெடிச்சு டீசல் ஒழுகிடுச்சு. புது பைப் போட்டு கிளிப் இறுக்கியாச்சு. இப்ப ஒழுகல் இல்லை. செல்ஃப் அடிச்சா இன்ஜின் சுத்துது, ஆனா பிடிக்கலை. சைலன்சர்ல புகையே வரலை. மூணு சிலிண்டர், பழைய வண்டி. டீசல் லைனுக்குள்ள புகுந்த ஏரை எங்கிருந்து எடுக்க ஆரம்பிக்கணும்?

பதில்:
புகையே இல்லைன்னா சிலிண்டருக்கு டீசல் போகலைண்ணே. செல்ஃப் அடிக்கிறதை நிறுத்துங்க, பேட்டரிதான் இறங்கும். ஈத்தர் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுவாங்க, வேண்டவே வேண்டாம்.

டேங்க்ல டீசல் ஊத்தி, காக் திறந்திருக்கான்னு பாருங்க. ஃபீட் பம்பைத் தாண்டி வர்ற முதல் ஃபில்டர்ல ஆரம்பிங்க. மேல இருக்குற ஏர் ஸ்குரூவை லூஸ் பண்ணிட்டு ஃபீட் பம்ப் கை லீவரை அடிங்க. முதல்ல நுரையா சீறும், அப்புறம் குமிழி குமிழியா வரும், கடைசியில கண்ணாடி மாதிரி தெளிவா வழியும். அப்படி வழியும்போதே, லீவரை விடாம ஸ்குரூவை மூடணும். அடுத்து ரெண்டாவது ஃபில்டர், அப்புறம் இன்ஜெக்டர்களுக்கு டீசல் தள்ளுற மெயின் பம்ப்.

லீவர் பிடிப்பே இல்லாம தொளதொளன்னு ஆடினா பம்ப் போச்சுன்னு பயப்படாதீங்க. உள்ள பம்பைத் தள்ளுற கேம் மேடு தூக்கிட்டு நிக்குது. இன்ஜினை ஒரு சுத்து சுத்தி விட்டா சரியாகிடும்.

அப்பவும் பிடிக்கலைன்னா இன்ஜெக்டர் பைப் நட்டுகளை லேசா லூஸ் பண்ணுங்க. கியர் நியூட்ரல், ஸ்டாப் நாப் உள்ள, ஆக்ஸிலேட்டர் முழுசா. 10 செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, நடுவுல ஆற விடுங்க. டீசல் விட்டு விட்டுத் துள்ளி வந்தா நட்டை இறுக்கிடலாம். கையை மட்டும் கிட்ட கொண்டு போகவே கூடாது. அந்த பிரஷர்ல டீசல் தோலுக்குள்ளயே ஏறிடும். சின்னப் புள்ளியா தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரி போங்க.

கேள்வி கேட்டவர்:
மெயின் பம்ப் வரைக்கும் எடுத்ததுமே பிடிச்சிருச்சு தம்பி! ஆனா கொஞ்ச நேரம் ஓடி, ஏத்த இறக்கமா உறுமி நின்னுடுது.

இன்னொருவர்:
எங்கேயோ இன்னும் காத்து இழுக்குது. ஃபீட் பம்புக்கு முன்னாடி இருக்குற ஓட்டை வெளியே ஒழுகணும்னு கட்டாயமில்லை, ஓடும்போது காத்தை உறிஞ்சும். பம்புக்கு முன்னாடி ஒரு துண்டு டிரான்ஸ்பரன்ட் டியூப் மாட்டி ஓட விடுங்க, குமிழி ஓடுறது கண்ணுக்கே தெரியும். தெரிஞ்சா, பழைய காப்பர் வாஷரையும், டீசல் கசடு தங்குற கிண்ணத்து கேஸ்கெட்டையும் மாத்துங்க.

கேள்வி கேட்டவர்:
கிண்ணத்து கேஸ்கெட்தான், ஒரு பக்கம் வெடிச்சிருந்துச்சு. மாத்தினதும் நிக்காம ஓடுது. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.