மறு: ‘ஃபேக்லோர்’ – தமிழில் ‘கட்டுவழக்காறு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நான்கு நாளாக ஓடும் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். அமெரிக்க மரவெட்டிகளின் கதைகள் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கும்போது ‘ஃபேக்லோர்’ என்ற சொல்லில் சிக்கி, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வியைப் போட்டவன் நான்தான். யாரோ உட்கார்ந்து எழுதியதை மக்கள் வாயில் வழங்கும் நாட்டார் வழக்காறு (ஃபோக்லோர்) என்று காட்டினால் அது ஃபேக்லோர். அதனால் வந்த பரிந்துரைகளை எல்லாம் அந்தக் கட்டுரையிலேயே வைத்துப் பார்த்தேன்.

> ‘போலி வழக்காறு’ என்றே வைத்துவிடலாம். படித்தவுடன் புரியும்.

புரியும் ஐயா, அதில் சந்தேகமில்லை. ஆனால் போலி மருந்து, போலிச் சான்றிதழ், போலி மருத்துவர் என்று நாளேட்டில் படித்துப் பழகிய சொல் இது. அசல் ஒன்று எங்கோ இருக்கும்; அதைப்போலவே செய்து ஏமாற்றுவது போலி. என் கட்டுரை பேசும் பால் பன்யன் கதைகளில் இதுதான் அசல் என்று ஒன்றைக் கைகாட்ட முடியவில்லை.

பன்யனை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா மாநிலங்களின் வெள்ளைப் பைன் காடுகளை வெட்டித் தீர்த்த காலத்தின் நாயகன் அவன். மலை போன்ற ஆள். கூடவே பேப் என்ற நீலநிற எருது. அதன் கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே 42 கோடரிக்காம்பு நீளம், அதற்கு மேல் ஒரு புகையிலைக் கட்டி என்பது கணக்கு. அவர்கள் நடந்த தடங்களில் தண்ணீர் தேங்கித்தான் மினசோட்டாவின் பத்தாயிரம் ஏரிகள் உண்டாயினவாம். முகாமில் அப்பம் சுடும் கல் எவ்வளவு பெரியது என்றால், ஆட்கள் காலில் பன்றிக்கொழுப்பைக் கட்டிக்கொண்டு அதன் மேல் சறுக்கிச் சறுக்கித்தான் எண்ணெய் தடவ முடியும். ஒரு குளிர்காலத்தில் பேசிய சொற்கள் காற்றிலேயே உறைந்து நின்று, வசந்தம் வந்ததும் எல்லாம் ஒன்றாக உருகிக் கேட்டதாகவும் ஒரு கதை.

இந்தக் கதைகளின் ருசி அவற்றைச் சொன்ன இடத்தோடு சேர்ந்தது. குளிர்காலம் முழுக்கக் காட்டு முகாமில்தான் வாழ்க்கை. பனி இறுகிய பாதையில் வெட்டிய மரத்தடிகளைச் சறுக்குவண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்கு இழுப்பார்கள். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகியதும் தண்ணீரில் தள்ளி மிதக்க விட்டு, கூடவே போவார்கள். சாப்பாட்டு மேசையில் பேசக்கூடாது என்பது முகாம்களில் இருந்த விதி. பேச்செல்லாம் இரவில், படுக்கைக் கொட்டகையில், ‘டீக்கன் சீட்’ என்ற நீளப் பலகையில் உட்கார்ந்துதான். புதிதாக வந்த பையனை மிரட்டிப் பார்ப்பதும் அங்கேதான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். அச்சில் பன்யன் பெயர் 1904லேயே டுலூத் நகர நாளேடு ஒன்றின் சிறு குறிப்பில் தெரிகிறது. 1906இல் ஜேம்ஸ் மெக்கிலிவ்ரே மிச்சிகனின் ஒஸ்கோடா ஊர்ப் பத்திரிகையில் ‘வட்ட ஆறு’ கதையை எழுதினார்; 1910இல் அதுவே டெட்ராய்ட் நாளேட்டில் வந்தது. ஆற்றில் தடி மிதக்க விட்டுப் போகிறார்கள். வழியில் தங்கள் முகாமைப் போலவே ஒரு முகாம். மறுபடியும் ஒன்று. பிறகுதான் தெரிகிறது, அது தலையும் வாலும் இல்லாத வட்ட ஆறு, அவர்கள் தங்கள் முகாமையே சுற்றிச்சுற்றி வருகிறார்கள் என்பது.

1914இல் ரெட் ரிவர் மரக் கம்பெனி மினசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியாவின் வெஸ்ட்வுட்டுக்குத் தொழிலை மாற்றிக்கொண்டிருந்தது. புது இடத்துப் பலகைகளை விற்க ஒரு விளம்பரக் கையேடு வேண்டும். அதை எழுதி, படமும் வரைந்தவர் வில்லியம் லாஃப்ஹெட். மினசோட்டா முகாம்களில் சில ஆண்டுகள் உழைத்தவர். பன்யன் கதைகளை அங்கே காதால் கேட்டவர். எருதுக்குப் ‘பேப்’ என்றும், முகாம் கணக்குப்பிள்ளைக்கு ‘ஜானி இங்க்ஸ்லிங்கர்’ என்றும் பெயர் வைத்தது அவர்தான். 1922இல் கையேடு பெரிதாகி மறுபடி வந்தது. குழந்தைகளுக்கான கதைப்புத்தகங்களும், 1958இல் வந்த டிஸ்னி குறும்படமும் காட்டும் பன்யன் பெரும்பாலும் இந்தக் கையேட்டுப் பன்யன்தான்.

1950இல் அமெரிக்க நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ரிச்சர்ட் டார்சன் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இதைப் பிடித்துக் கேட்டார். மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் 1946இல் மாதக்கணக்கில் அலைந்து மக்கள் வாயிலிருந்தே கதை சேகரித்த மனிதர் அவர். மேசையில் உட்கார்ந்து எழுதியதை மக்களின் வழக்காறு என்று சொல்லி விற்கிறார்களே என்ற கோபத்தில் அவர் செய்த சொல்தான் ஃபேக்லோர்.

அவர் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஸ்டூவர்ட், வாட் என்ற இருவர் 1916லேயே விஸ்கான்சின் பக்கத்துப் பன்யன் கதைகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். லாஃப்ஹெட்டின் கையேடு நாடெங்கும் பரவுவதற்கு முன்பே முகாம்களில் கதை இருந்தது. வேர் இருக்கிறது, மேலே உள்ளதில் பெரும்பகுதி வேறு கை வேலை. இதை ஒரே அடியாகப் ‘போலி’ என்றால் அந்த டீக்கன் சீட்டில் உட்கார்ந்து பேசியவர்களையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோம்.

> ‘புனைவழக்காறு’ மென்மையாக இருக்கிறது.

மென்மைதான் அம்மா, அதுதான் எனக்குத் தடை. உறைந்துபோன பேச்சைச் சொன்ன மரவெட்டியும் புனைந்துதான் சொன்னான். நாட்டார் கதை எல்லாமே ஒருவகையில் புனைவு என்பதால் டார்சன் போட்ட கோடு இந்தச் சொல்லில் அழிந்துவிடும்.

என் பரிந்துரை ‘கட்டுவழக்காறு’. கட்டுக்கதை என்ற சொல் நம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. இட்டுக்கட்டுவது என்கிறோம். அதனால் இது ஒருவர் உட்கார்ந்து செய்தது என்ற குற்றச்சாட்டு சொல்லிலேயே வந்துவிடுகிறது. அதே ‘கட்டு’ பாட்டுக் கட்டுவதிலும் இருக்கிறது. அங்கே அது திறமையைக் குறிக்கும், வசையாகாது. லாஃப்ஹெட்டின் கைவண்ணத்துக்கு அந்த மரியாதை சேர வேண்டும். கூத்தில் வேஷம் கட்டுவதும் உண்டு. கம்பெனி விளம்பரம் மரவெட்டி வேஷம் கட்டிக்கொண்டு வந்தது என்று சொன்னால் நடந்தது அப்படியே கண்முன் வருகிறது. இந்த மூன்று பொருளும் ஒரு சிறு வினையில் இருப்பதை நேற்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சொல்லை இரண்டு இடத்தில் சோதித்தேன். ஒன்று, கனடாவின் ஒட்டாவா ஆற்றுப்பக்கத்து ஜோசஃப் மோன்ஃபெரான். 1802இல் மான்ட்ரியாலில் பிறந்து 1864இல் இறந்த நிஜ மனிதர், மரவெட்டி. உணவுவிடுதிக்குள் போனால் எகிறிக் குதித்து உட்கூரையில் பூட்ஸ் குதிகால் தடத்தைப் பதித்துவிட்டுத்தான் வெளியே வருவாராம். பிரெஞ்சு பேசுவோர் வாயில் வளர்ந்து, ஆங்கிலம் பேசுவோரிடம் ஜோ மஃபராவாக மாறியவர். இவர் கதைகள் எவ்வளவு மிகையானாலும் வழக்காறுதான். ‘கட்டு’ இங்கே ஒட்டவே ஒட்டாது. நல்லது.

இரண்டாவது, ஹோடாக். விஸ்கான்சினின் ரைன்லாண்டரில் 1893இல் யூஜின் ஷெப்பர்டு என்பவர், முதுகெல்லாம் முள்ளும் தலையில் கொம்புமாக ஒரு விலங்கைக் கண்டதாகக் கிளப்பிவிட்டார். 1896இல் உயிரோடு பிடித்ததாகச் சொல்லிச் சந்தையில் காசு வாங்கிக் காட்டினார். மரத்தையும் தோலையும் வைத்துச் செய்து கம்பியால் ஆட்டிய பொம்மை அது. இதை நாம் ‘புரளி’ என்றே சொல்லலாம், புதுச்சொல் வேண்டாம். ஆனால் இன்று ஹோடாக்தான் அந்த ஊரின் சின்னம். பள்ளி விளையாட்டு அணிகளுக்கும் அதே பெயர். பன்யனும் அப்படித்தான். மினசோட்டாவின் பெமிட்ஜியில் 1937இல் வைத்த 18 அடிச் சிலை, மேய்ன் மாநிலத்து பாங்கரில் 1959இன் 31 அடிச் சிலை என்று ஊர்கள் அவனைத் தங்கள் ஆளாகவே ஏற்றுக்கொண்டுவிட்டன. ஒருவர் கட்டியதை மக்கள் எடுத்துக்கொண்டால் அதுவும் வழக்காறாகும். 1985இல் ஆலன் டண்டிஸ் என்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் இதையே பெரிய அளவில் எழுதினார்; ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பும் ஃபின்லாந்தின் கலேவலா காப்பியமும்கூட இந்தக் கேள்விக்குத் தப்பாது என்றார். ‘கட்டுவழக்காறு வழக்காறாயிற்று’ என்று எழுதினால் வாக்கியம் இயல்பாக நிற்கிறது. ‘போலி வழக்காறு வழக்காறாயிற்று’ என்றால் இடறுகிறது.

> ‘கட்டு’ என்றால் ஊர்க்கட்டுப்பாடு என்று படிக்க மாட்டார்களா?

இது நல்ல கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வழக்காறு என்பதற்கு வழக்கம் என்ற பொருளும் இருப்பதால், தனியாகப் பார்ப்பவர் ‘கட்டாயமான வழக்கம்’ என்று நினைக்க இடமுண்டு. சேர்த்தே எழுதுவதும், முதல்முறை வரும் இடத்தில் ‘கட்டுக்கதை போலக் கட்டிய வழக்காறு’ என்று ஒரு வரி சேர்ப்பதும் போதும் என்று நினைக்கிறேன். இதைவிட நல்ல வழி தெரிந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

அப்புறம் ‘டால் டேல்’, அதாவது நம்பமுடியாத மிகையை நிஜம்போலச் சொல்லும் கதை. ‘உயரக்கதை’, ‘நெடுங்கதை’ இரண்டையும் விட்டுவிடுவோம். கதை அளக்கிறான் என்கிறோமே, அதிலிருந்து ‘அளப்புக்கதை’. ஸ்குவாங்க் என்ற பிராணியின் கதை ஒன்று போதும், சொல் பொருந்துவது தெரியும். பென்சில்வேனியாக் காட்டில், மருவும் தொங்கலுமான தன் தோலை நினைத்து எப்போதும் அழுதுகொண்டே திரியும். ஒருவர் அதைப் பையில் போட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார். பாதிவழியில் பை இலேசாகிவிட்டது. திறந்து பார்த்தால் கண்ணீரும் குமிழியும்தான். முழுசாக அழுதே கரைந்துவிட்டது. மினசோட்டாவின் காட்டதிகாரி வில்லியம் காக்ஸ் 1910இல் இப்படிப்பட்ட விலங்குகளை ஒரு நூலாகவே தொகுத்தார்.

கடைசியாக, ‘லம்பர்ஜாக்’. ‘விறகுவெட்டி’ வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். அவர் அடுப்புக்கு வெட்டுபவர். கட்டுரையில் இப்போதைக்கு ‘மரவெட்டி’ என்று போட்டிருக்கிறேன். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் ‘கூப்பு’ என்ற சொல் வழக்கில் இருக்கிறது. மரம் வெட்டும் காட்டைக் கூப்பு என்பார்கள், கூப்பு ரோடு என்பார்கள். அங்கே வெட்டுபவரை, தடி இழுப்பவரை, ஆற்றில் மிதக்க விடுபவரைத் தனித்தனியாக எப்படி அழைப்பார்கள் என்று வால்பாறை, குமரி மலைப்பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுத முடியுமா? கட்டுரையில் இந்த மூவரும் மூன்று வேறு ஆட்கள். எல்லோரையும் மரவெட்டி என்று எழுத மனம் வரவில்லை.

அன்புடன்