மெயில் சர்வரில் இரட்டைப் படிகள்: ஹாஷ் கணக்கு பூஜ்யம் காட்டுகிறது, வட்டோ நிரம்புகிறது

உபி_ஐடி:
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் உபி அலுவலகம், துவாஸ் கிடங்கு இரண்டுக்கும் சேர்த்து 180 மெயில்பாக்ஸ். மெயிலை வாங்கி அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளில் வைத்துக் காட்டுவது டவ்காட், மெயிலுக்கொரு கோப்பாகச் சேமிக்கும் மெயில்டிர் வடிவம். 'அனைவரும்' குழு முகவரிக்கு வாராவாரம் 6 எம்பி பிடிஎஃப் போகிறது. வட்டு நிரம்புவதால் இரட்டைப் படிகளைத் தேடி, எல்லாக் கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எடுத்துப் பார்த்தால் ஒரு இரட்டைகூட இல்லை. எங்கே பிழை?

வட்டுக்காரர்:
முழுக் கோப்பை ஹாஷ் பண்ணினால் அப்படித்தான் வரும். ஒவ்வொரு படியின் தலைப்பகுதியிலும் 'டெலிவர்ட்-டு' வரியில் அந்தந்த ஆளின் முகவரி இருக்கிறது. ஓர் எழுத்து மாறினாலே ஹாஷ் வேறு. முதலில் வரும் வெற்று வரியோடு தலைப்பகுதி முடியும். அதற்குக் கீழே உள்ள உடலை மட்டும் ஹாஷ் பண்ணுங்க. ஒரே ஹாஷ் உள்ளவற்றைச் சேர்த்து, படிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து அளவால் பெருக்கினால் வீணாகும் இடம் தெரியும்.

உங்க பிடிஎஃப் 6 எம்பி இல்லைங்க. இணைப்பை மெயிலில் எழுத்துகளாக மாற்றி அனுப்பும் பேஸ்64 முறை மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும், 76 எழுத்துக்கொரு வரிமுறிவும் சேரும், 8.2 எம்பி ஆகிவிடும். 180 பெட்டி, அனுப்பியவரின் 'சென்ட்' படி ஒன்று: 181 × 8.2, வாரத்துக்கு ஏறத்தாழ 1.48 ஜிபி. டவ்காட்டில் இசட்லிப் சுருக்கம் போட்டிருந்தால் ஒன்று கவனிங்க: கோப்புப் பெயரிலுள்ள 'எஸ்=' எண் சுருக்கத்துக்கு முந்தைய அளவு. வட்டுக் கணக்குக்கு அதை எடுக்காதீங்க.

தபால்பை:
ஃபார்வர்ட் பண்ணியவை இதில் சிக்காது. மேலே ஒரு வரி எழுதினாலே உடல் மாறிவிடும், ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ள அடையாள எண்ணான மெசேஜ்-ஐடியும் புதுசு. இணைப்பைத் தனியே பிரித்து, பேஸ்64-ஐ அவிழ்த்து ஹாஷ் பண்ணினால்தான் அகப்படும். குழு மெயில் நடத்தும் மெயில்மேன் மென்பொருளில் ஆளுக்கொரு அடிக்குறிப்பு வைத்திருந்தாலும் இதே கதிதான்.

உபி_ஐடி:
நன்றிங்க. உடலை மட்டும் எடுத்ததும் இரட்டைகள் குவிந்துவிட்டன. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் டிடூப் (ஒரே தரவை ஒருமுறை மட்டும் வைக்கும் வசதி) போட்டால் தீருமா? இன்னொன்று, சிலருக்கு ஒரே பெட்டியில் இரண்டு படி இருக்கிறது.

வட்டுக்காரர்:
டிடூப் வேண்டாங்க. அது கோப்பைப் பிளாக் எனும் துண்டுகளாக வெட்டி ஒப்பிடும். முகவரியின் நீளம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் பிடிஎஃப் தொடங்கும் இடமும் சில பைட் நகர்கிறது. பிறகு பெரும்பாலான பிளாக்குகள் பொருந்தாது, பிளாக்குகளின் ஹாஷ் அட்டவணை மட்டும் ரேமைத் தின்னும்.

இரண்டு படி வருவது, அவர்கள் 'அனைவரும்', 'கிடங்கு' இரண்டிலும் இருப்பதால். இரட்டையா என்று பார்க்கும்போது போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக மூல முகவரியையும் (முதலில் எந்த முகவரிக்கு வந்தது என்பதையும்) சேர்த்தே ஒப்பிடுகிறது. அதன் 'எனேபிள்_ஒரிஜினல்_ரெசிப்பியன்ட்' அமைப்பை 'நோ' ஆக்குங்க, ஒன்றுதான் போகும்.

பிடிஎஃப்-ஐப் பகிர்வுக் கோப்புறையில் போட்டு மெயிலில் சுட்டி மட்டும் அனுப்பச் சொல்லுங்க. 'அனைவரும்' முகவரிக்கு 1 எம்பிக்கு மேல் வந்தால் திருப்பி அனுப்பும்படியும் வைங்க. பழைய படிகளை அப்புறம் நிதானமாகக் கழிக்கலாம்.