நோவா செயற்கைக்கோள் சிக்னல் சுத்தமாக வரவில்லை: ஆன்டெனாவா, டாங்கிளா?

வைகைக்கரை

வணக்கம் நண்பர்களே. மதுரையில் வீட்டு மொட்டை மாடியிலிருந்து வானிலை செயற்கைக்கோள் படம் பிடிக்கலாம் என்று ஆசைப்பட்டு ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர்) வாங்கினேன். அலுமினியக் குழாயை வெட்டி வி வடிவ டைபோல் நானே செய்தேன், ஒரு கை 53.4 செ.மீ., இடையில் 120 டிகிரி, தரைக்குக் கிடைமட்டமாக, வாய் வடக்கு பார்த்து. கேபிள் வீட்டில் கிடந்த டிவி கேபிள்தான். மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்.

பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து அதில் சொன்னபடியே எல்லாம் வைத்திருக்கிறேன். அமெரிக்க வானிலை செயற்கைக்கோள்களான நோவா வரிசையில் நோவா-19க்கு 137.1 மெகாஹெர்ட்ஸ், நோவா-15க்கு 137.62, நோவா-18க்கு 137.9125. போன் ஆப் கடக்கும் நேரத்தைச் சரியாகக் காட்டுகிறது, நேற்று நோவா-19 கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே போனதாகச் சொன்னது. ஆனால் சிக்னலைத் திரையில் ஓடவிட்டுக் காட்டும் வாட்டர்ஃபாலில் ஒரு கோடுகூட இல்லை, வீடியோவில் கேட்ட டிக்-டிக் சத்தமும் இல்லை, வெறும் இரைச்சல். சிக்னலைப் பெருக்கும் எல்என்ஏ ஒன்று வாங்கினால் சரியாகுமா? வாங்கும் முன் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

கோவை_லினக்ஸ்

முதலில் டாங்கிள் வேலை செய்கிறதா பாருங்கள். லினக்ஸில் டிவி பார்ப்பதற்கான டிரைவர் தானாகவே முந்திக்கொண்டு டாங்கிளைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எஸ்டிஆர் மென்பொருளுக்கு அது கிடைக்காது. டெர்மினலில் ஆர்டிஎல் டெஸ்ட் ஓட்டினால் இடைமுகத்தைப் பிடிக்க முடியவில்லை, பிழை -6 என்று வருகிறதா? வந்தால் அந்த டிவி டிரைவரின் கெர்னல் மாட்யூலை பிளாக்லிஸ்ட் செய்து (தானாக ஏறாமல் தடுத்து) மறுபடி பூட் செய்யுங்கள்.

வைகைக்கரை

அது முதல் நாளே வந்தது, சரி செய்துவிட்டேன். இப்போது எஃப்எம் நிலையங்கள் நன்றாகவே கேட்கின்றன.

மின்கம்பி

டிவி கேபிள் 75 ஓம், டாங்கிள் 50 ஓம். அதை மாற்றிப் பாருங்களேன்.

தென்கோடி_ரேடியோ

மின்கம்பி சார், அதனால் போகும் இழப்பு 0.2 டெசிபல்கூட வராது. தம்பி, கேபிளையும் மாற்றாதே, எல்என்ஏவும் வாங்காதே. உன் பக்கம் எதுவும் கெட்டுப்போகவில்லை. அந்த மூன்று செயற்கைக்கோள்களையும் அணைத்துவிட்டார்கள்.

நோவா-18ஐ 2025 ஜூன் 6 அன்று நிறுத்தினார்கள், அதன் டிரான்ஸ்மிட்டர் கோளாறு. ஆகஸ்ட் 13 அன்று நோவா-19, ஒரு வாரத்துக்குள் ஆகஸ்ட் 19 அன்று நோவா-15. அதோடு ஏபிடி என்கிற அந்த டிக்-டிக் ஒலிபரப்பே முடிந்துவிட்டது. நீ பார்த்த வீடியோ அதற்கு முன் எடுத்ததாக இருக்கும். இணையத்தில் இருக்கும் வழிகாட்டிகளில் முக்கால்வாசி இன்னமும் நோவாவைத்தான் சொல்கின்றன, யாரும் திருத்துவதில்லை, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஆன்டெனாவை வெட்டி வெட்டி ஓய்ந்துபோகிறார்கள்.

வைகைக்கரை

அடக் கடவுளே. அப்படியானால் ஆப் மட்டும் எப்படி இன்றைக்கும் நேரம் காட்டுகிறது?

தென்கோடி_ரேடியோ

ஆப்புக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் டிஎல்இ எனும் சுற்றுப்பாதைக் கணக்கு மட்டும். தரையிலிருந்து ரேடார் வைத்துப் பொருள்களைக் கண்காணித்து அந்தக் கணக்கை வெளியிடுகிறார்கள், செத்த செயற்கைக்கோளுக்கும் வெளியிடுவார்கள், பழைய ராக்கெட் துண்டுக்கும் வெளியிடுவார்கள். நோவா-19 800 கி.மீ.க்கும் மேலே சுற்றுகிறது, அங்கே காற்றின் இழுவை மிகக் குறைவு, அதனால் இன்னும் பல பத்தாண்டுகளுக்கு உன் ஆப் அதைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். நேற்று அது உன் தலைக்கு மேல் போனதும் உண்மைதான், வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சில்லறைச்சிப்

கொஞ்சம் வழி மாறிப் பேசுகிறேன், மன்னிக்கவும். நோவா-19 பற்றி ஒரு கதை உண்டு. 2003 செப்டம்பரில் கலிபோர்னியாவில் தொழிற்கூடத்தில் அதைக் கிடைநிலைக்குச் சாய்க்கும்போது வண்டியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. காரணம், வண்டியோடு அதை இறுக்க வேண்டிய 24 போல்ட்களை யாரோ கழற்றி எடுத்திருந்தார்கள், சாய்ப்பதற்கு முன் யாரும் சரிபார்க்கவில்லை. அதை மறுபடி கட்டியெழுப்பி 2009 பிப்ரவரியில் ஏவினார்கள், 2025 வரை ஓடியது. நோவா-15 ஏவியது 1998. 27 வருஷம்! மிக்ஜாம் புயல் சமயத்தில் அதில் வந்த படம் இன்னும் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, பாதி வரிகள் கலைந்துபோய், ஆனாலும் நாமே பிடித்தது என்பதில் ஒரு தனி சந்தோஷம்.

வைகைக்கரை

கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் இனி என்ன செய்ய? டாங்கிளை விற்றுவிடவா?

தென்கோடி_ரேடியோ

விற்காதே. ரஷ்யாவின் மெட்டியோர்-எம் வானிலை செயற்கைக்கோள் வரிசை இருக்கிறது, என்2-3 (ஏவியது 2023 ஜூன்), என்2-4 (2024 பிப்ரவரி). இரண்டும் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் எல்ஆர்பிடி என்ற டிஜிட்டல் முறையில் அனுப்புகின்றன. உன் ஆன்டெனா அப்படியே போதும், ஒரு செ.மீ.கூட மாற்ற வேண்டாம். படமும் மேல்: ஏபிடியில் ஒரு புள்ளி 4 கி.மீ., இதில் 1 கி.மீ.

அதிர்வெண் 137.9 அல்லது 137.1. இரண்டுக்கும் இடையில் அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் முதல் தடவை இரண்டையும் பார்த்துவிடு. என்2-4லிருந்து தொடங்கு. என்2-3ன் எல்ஆர்பிடி ஆன்டெனா விண்ணில் முழுதாக விரியவில்லை, சில நேரம் நன்றாக வரும், சில நேரம் இழுத்தடிக்கும், புதியவருக்கு அது தேவையில்லாத தலைவலி.

மென்பொருளுக்கு சாட்டம்ப் போடு, இலவசம். பழைய வீடியோவில் வந்த மென்பொருளை எழுதியவர் கைவிட்டு வருஷங்கள் ஆகின்றன, அது இதற்கு உதவாது. ரெக்கார்டர் பக்கத்தில் டாங்கிளைத் தேர்ந்தெடு, சாம்பிள் வேகம் 1.024 மெகா போதும். தானியங்கி கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) அணைத்துவிட்டுக் கையால் ஏற்று. பின்னணி இரைச்சல் மட்டும் உயர்ந்து சிக்னல் உயராத இடம் வந்ததும் ஒரு படி இறக்கிவிடு. அப்புறம் காதால் தேடாதே. இதில் டிக்-டிக் எல்லாம் கிடையாது, கேட்டால் மழை பெய்வது போல்தான் இருக்கும். வாட்டர்ஃபாலில் 100 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் அகலத்தில் ஒரு திட்டு எழும்பும், அதுதான்.

கோவை_லினக்ஸ்

கூடவே சாட்டம்ப் அமைப்பில் டிஎல்இயைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கடக்கும் நேரமும் தப்பும், படத்தின் மேல் போடும் வரைபடக் கோடும் கடலுக்குள் போய் நிற்கும்.

வைகைக்கரை

திட்டு தெரிந்தது!! 137.9ல் நன்றாகவே எழும்பியது, எஸ்என்ஆர் (இரைச்சலுக்கு மேல் சிக்னலின் அளவு) 8 வரை போனது. ஆனால் படம் வரவில்லை. சிக்னலைப் படத் தரவாகப் பிரிக்கும் படிகளில் விட்டர்பி என்ற இடத்தில் சிவப்பில் நோசிங்க் (ஒத்திசையவில்லை) என்றே கடைசி வரை நின்றது, டிஃப்ரேமரும் அப்படியே. இவ்வளவு சிக்னல் இருந்தும் ஏன்?

தென்கோடி_ரேடியோ

சாட்டம்பில் எந்தப் பைப்லைன் (சிக்னலைப் படமாக்கும் முறை) தேர்ந்தெடுத்தாய்?

வைகைக்கரை

மெட்டியோர் எம்2 எல்ஆர்பிடி 72கே.

தென்கோடி_ரேடியோ

அதுதான் விஷயம். எம்2 என்றால் பழைய ஒற்றைச் செயற்கைக்கோள், அது 2022 டிசம்பரிலேயே போய்விட்டது. அதற்கு அடுத்து "எம்2-எக்ஸ் எல்ஆர்பிடி 72கே" என்று ஒன்று இருக்கும், என்2-3க்கும் என்2-4க்கும் அதுதான். பழையது கியூபிஎஸ்கே, புதியவை ஓ-கியூபிஎஸ்கே, பண்பேற்றமே வேறு என்பதால் எஸ்என்ஆர் 20 வந்தாலும் பழைய பைப்லைன் சிக்னலைப் பிடிக்காது. மறுபடி கடப்புக்குக் காத்திருக்க வேண்டாம், பேஸ்பேண்டை (டாங்கிள் தந்த மூலச் சிக்னலை) பதிவு செய்திருந்தால் அந்தக் கோப்பையே சரியான பைப்லைனில் ஓட்டிப் பார்.

வைகைக்கரை

பேஸ்பேண்ட் பதிவு செய்யவில்லை, சாயங்காலக் கடப்புக்குத்தான் உட்கார்ந்தேன். பைப்லைனை மாற்றியதும் இரண்டும் பச்சையாகி சிங்க்ட் என்று வந்தது அண்ணே! வரி வரியாகப் படம் இறங்கியது. ஆனால் இலங்கை மேலேயும் அதற்குக் கீழே தமிழ்நாடும் அதற்கும் கீழே ஆந்திரக் கரையும் இருக்கிறது, கிழக்கு மேற்கும் மாறியிருக்கிறது. என் ஆன்டெனாவைத் திருப்பி வைத்துவிட்டேனா?

சில்லறைச்சிப்

ஆன்டெனாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செயற்கைக்கோள் தெற்கிலிருந்து வடக்கே ஏறும்போது முதலில் பார்ப்பது தெற்கைத்தான், அதனால் முதல் வரியாகத் தெற்குதான் வந்து விழும். வடக்கிலிருந்து இறங்கும் கடப்பில் தானாகவே நேராக வரும். வியூவர் பக்கத்தில் ரொடேட் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்யுங்கள், 180 டிகிரி திரும்பிவிடும்.

மின்கம்பி

திருப்பிவிட்டு இங்கே போடுங்கள், பார்க்கலாம். இரைச்சல் வரிகள் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தால் எந்தத் திசையில் கட்டடம் மறைக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வைகைக்கரை

திருப்பிவிட்டேன், இப்போது சரியாக இருக்கிறது. மேலே விசாகப்பட்டினம் தாண்டியதும் கறுப்புப் பட்டைகள். வடக்குப் பக்கம் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஆன்டெனாவை மாடிப்படி அறைக் கூரைக்கு மாற்றிவிட்டு அடுத்த படத்தைப் போடுகிறேன்.